ஒரு ஜிபிக்கு மேல் காலி, ஆனால் 64 கேபி கிடைக்கவில்லை: கெர்னலுக்குள் நடக்கும் நினைவகச் சிதறல்

கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முகப்பு, வளவு, பின்கட்டு, தெருவாசல் எல்லா இடத்திலும் கேமரா. பதிவு செய்வதற்கு ஒரு பழைய கம்ப்யூட்டர், 8 ஜிபி ரேம், அதில் லினக்ஸ். மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடுகிறது. ஒரு நாள் யாரோ கூட்டிப் பெருக்கும்போது யுஎஸ்பி கேப்சர் கருவியின் ஒயரைக் கழற்றி மாட்டிவிடுகிறார்கள். அதற்கப்புறம் படம் வரவில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் எழுதி வைக்கும் பதிவேட்டைத் திறந்தால் ‘பேஜ் அலோகேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 4’ என்று ஒரு வரி. ‘ஃப்ரீ’ கட்டளை போட்டுப் பார்த்தால் ஒரு ஜிபிக்கு மேல் ரேம் சும்மா கிடக்கிறது. காரைக்குடியிலிருந்து வந்த சர்வீஸ் தம்பி, “ஒரு தடவை ரீஸ்டார்ட் போட்ருங்கண்ணே, சரியாயிடும்” என்கிறார். போட்டதும் சரியாகிவிடுகிறது.

ஆர்டர் 4 என்றால் 64 கேபி. ஒரு ஜிபி காலியாக இருக்கும்போது 64 கேபி ஏன் கிடைக்கவில்லை? ரீஸ்டார்ட் எதைச் சரி செய்தது? மூன்று மாதம் கழித்து இதே வரி ஏன் திரும்ப வருகிறது?

காலி இடம் மொத்தம் எவ்வளவு என்ற ஒரே எண்ணைப் பார்ப்பதால் வருகிற குழப்பம் இது. அந்த இடம் சேர்ந்தாற்போல் கிடக்கிறதா என்பது தனிக் கணக்கு. நடுவே உட்கார்ந்திருப்பதில் எதை நகர்த்தலாம், எதை நகர்த்த முடியாது என்பது அதைவிடப் பெரிய கணக்கு.

## பக்கமும் முகவரியும்

இயங்குதளம் ரேமை பைட் பைட்டாகப் பங்கு போடுவதில்லை. நம் மேஜைக் கம்ப்யூட்டர்களில் 4096 பைட், அதாவது 4 கேபி அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. ஒரு துண்டுக்குப் பெயர் பக்கம். 8 ஜிபி ரேமில் மொத்தம் 20,97,152 பக்கங்கள்.

ஒரு நிரல் பார்க்கிற முகவரிகள் மெய்நிகர் முகவரிகள். அவற்றை ரேமில் உள்ள உண்மையான முகவரிகளாக மாற்றுவதற்குப் பக்க அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பேஜிங் என்று பெயர். நிரலுக்குத் தன் நினைவகம் ஒரே நீளமாகத் தெரியும். உண்மையில் அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள் ரேமின் இரண்டு கோடியில் கிடக்கலாம். நிரலுக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

சிதறலில் இரண்டு வகை உண்டு. கொடுத்த துண்டுக்குள்ளேயே மிச்சம் வீணாகப் போவது உட்சிதறல். 5 பக்கம் கேட்டவருக்கு 8 பக்கம் கொடுத்தால் 3 பக்கம் அந்தக் கணக்கில் சேரும். காலி இடம் மொத்தத்தில் போதுமானதாக இருந்தும் துண்டு துண்டாகக் கிடப்பதால் கேட்டதைக் கொடுக்க முடியாமல் போவது வெளிச்சிதறல். காரைக்குடியில் பொறியியல் படிக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் “பேஜிங் வந்ததும் வெளிச்சிதறல் ஒழிந்தது” என்று சொல்லிவிடும். இரண்டு மார்க் கேள்விக்கு அது சரியான பதில். பயனர் நிரல்களைப் பொறுத்தவரை உண்மையும் அதுதான். கெர்னலுக்கு அந்தச் சலுகை அரைகுறையாகத்தான் கிடைக்கிறது.

## ரேமில் தொடர்ச்சி யாருக்கு வேண்டும்

1. கெர்னலுக்கே வேண்டும். 64 பிட் லினக்ஸில் கெர்னல் மொத்த ரேமையும் தன் முகவரி வெளியில் ஒரே நேர்கோடாக விரித்து வைத்துக்கொள்கிறது. உண்மை முகவரியோடு ஒரு நிலையான எண்ணைக் கூட்டினால் கெர்னல் முகவரி வந்துவிடும். இது மிக வேகமான ஏற்பாடு. ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: இந்த வழியாக வாங்கும் இடம் கெர்னல் கண்ணுக்குத் தொடர்ச்சியாகத் தெரிய வேண்டுமானால் ரேமிலும் அது தொடர்ச்சியாகவே இருக்க வேண்டும்.

2. கருவிகளுக்கு வேண்டும். நெட்வொர்க் கார்டு, கேமரா, யுஎஸ்பி கட்டுப்படுத்தி போன்றவை பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நேரடியாக ரேமில் எழுதும். டிஎம்ஏ என்பது இதுதான். எல்லாக் கருவிகளுக்கும் பக்க அட்டவணையைப் படிக்கத் தெரியாது. ‘இந்த முகவரியிலிருந்து இத்தனை பைட்’ என்று ஒரே நீளமாகச் சொன்னால்தான் சிலவற்றுக்குப் புரியும். விடுதியின் கேப்சர் கருவி இந்த ரகம்.

3. பெரிய பக்கங்களுக்கு வேண்டும். முகவரி மாற்றத்தின் விடைகளை பிராசஸர் டிஎல்பி என்ற சிறிய நினைவகத்தில் சேமித்துக்கொள்ளும். இன்டெல் ஸ்கைலேக் பிராசஸரின் இரண்டாம் நிலை டிஎல்பியில் 1536 பதிவுகள். 4 கேபி பக்கங்களாக இருந்தால் அந்த 1536 பதிவுகள் வெறும் 6 எம்பியைத்தான் மூடும். 2 எம்பி பக்கங்களாக இருந்தால் அதே பதிவுகள் 3 ஜிபியை மூடிவிடும். தரவுத்தளம், மெய்நிகர் கணினி போன்ற பெரிய வேலைகளில் இந்த வேறுபாடு வேகத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் ஒரு 2 எம்பி பக்கத்துக்கு 512 சின்னப் பக்கங்கள் அடுத்தடுத்து வேண்டும். அதுவும் 2 எம்பி எல்லையில் சரியாகத் தொடங்க வேண்டும்.

முதல் இரண்டும் எப்போதோ ஒரு தடவை கேட்பவை. மூன்றாவது நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சிதறல் என்ற பழைய பிரச்சினை கடந்த பதினைந்து ஆண்டுகளில் திரும்பப் பெரிய பேச்சானதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

## ஜோடி முறை

காலிப் பக்கங்களைக் கணக்கு வைக்க லினக்ஸ் பயன்படுத்துவது ‘பட்டி அலோகேட்டர்’, அதாவது ஜோடி முறை. ஹாரி மார்க்கோவிட்ஸ் 1963இல் இதை உருவாக்கினார் என்று கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் எழுதியிருக்கிறார். 1990இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கிய அதே மார்க்கோவிட்ஸ்தான். கென்னத் நோல்டன் 1965இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். அறுபது ஆண்டு ஆன பிறகும் ஆட்டம் காணாத யோசனை.

காலி இடத்தை எப்போதும் இரண்டின் அடுக்குகளாகவே (1, 2, 4, 8 என்று) வைத்துக்கொள்வது விதி. ஒரு பக்கம் ஆர்டர் 0. இரண்டு பக்கம் ஆர்டர் 1. நான்கு பக்கம் ஆர்டர் 2. இப்படியே போய் ஆர்டர் 10 என்றால் 1024 பக்கம், 4 எம்பி. இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களுக்கான வழக்கமான எக்ஸ்86 கெர்னலில் அதுதான் உச்சவரம்பு. சின்னத் துண்டு கேட்டு அந்த அளவில் இல்லையென்றால் பெரியதை இரண்டாகப் பிளந்து ஒன்றைக் கொடுத்து, மற்றதைப் பட்டியலில் வைக்கும். திருப்பித் தரும்போது அதன் ஜோடி காலியாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பழையபடி பெரிதாக்கிவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஜோடி ஒன்றே ஒன்றுதான், அது எண்ணாலேயே தீர்மானிக்கப்படுகிறது. பக்க எண் 8இல் தொடங்கும் நான்கு பக்கத் துண்டுக்கு ஜோடி 12இல் தொடங்குவது. 4இல் தொடங்குவதற்கு ஜோடி 0இல் தொடங்குவது. ஆகவே 4 முதல் 7 வரை காலி, 8 முதல் 11 வரையும் காலி என்றால் எட்டுப் பக்கம் ஒட்டினாற்போல் இருந்தும் அவை ஒன்று சேராது. இரண்டும் வேறு வேறு ஜோடியைச் சேர்ந்தவை. ஜோடியைக் கண்டுபிடிக்க ஒரு பிட்டை மாற்றினால் போதும் என்கிற வேகத்துக்கு இந்த முறை கொடுக்கும் விலை இது.

ஒவ்வொரு ஆர்டரிலும் எத்தனை துண்டு காலி என்பதை ‘ப்ராக்’ அடைவில் உள்ள ‘பட்டிஇன்ஃபோ’ கோப்பு, மண்டலம் எனப்படும் ரேமின் பெரும்பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாகக் காட்டும். விளக்கத்துக்காக விடுதிக் கம்ப்யூட்டரில் இப்படி இருப்பதாகக் கொள்வோம்:

- ஆர்டர் 0: 1,20,000
- ஆர்டர் 1: 60,000
- ஆர்டர் 2: 20,000
- ஆர்டர் 3: 3,000
- ஆர்டர் 4 முதல் 10 வரை: 0

பக்கங்களாகக் கூட்டினால் 1,20,000 + 1,20,000 + 80,000 + 24,000, ஆக மொத்தம் 3,44,000. நான்கு கேபியால் பெருக்கினால் ஏறக்குறைய 1.3 ஜிபி. ‘ஃப்ரீ’ கட்டளை காட்டுவது இந்தக் கூட்டுத்தொகையை மட்டும். ஆர்டர் 4க்கு நேரே உள்ள பூஜ்யத்தை அது காட்டாது.

## நகர்வதும் நகராததும்

செட்டிநாட்டு வீட்டில் வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். புள்ளிக்கு, அதாவது மணமான ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று பங்கு. வீட்டில் ஒரு சாந்திக் கல்யாணம், சமையல்காரர்களுக்கும் பாத்திரங்களுக்கும் சேர்ந்தாற்போல் நான்கு அறை வேண்டும். எண்ணிப் பார்த்தால் ஒன்பது அறை காலி, ஆனால் எந்த நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. நடுவே தங்கியிருக்கும் உறவினரிடம் “அந்தக் கோடி அறைக்குக் கொஞ்சம் மாறிக்கோங்க ஆச்சி” என்றால் மாறிவிடுவார். பூட்டிய அறைக்குள் பங்காளி ஒருவரின் பெட்டகமும் சாமான்களும் இருந்து, அவர் சாவியோடு மலேசியாவில் இருந்தால்? அந்த ஒரு அறையால் அந்த வரிசையே வீண்.

ரேமிலும் இந்த இரண்டு ரகமும் உண்டு. பயனர் நிரலின் பக்கத்தை நகர்த்தலாம். உள்ளடக்கத்தை வேறு பக்கத்துக்கு நகலெடுத்து, அதைக் குறிக்கும் பக்க அட்டவணைப் பதிவுகளைத் தேடித் திருத்திவிட்டால் நிரலுக்கு எதுவும் தெரியாது. கெர்னல் தனக்கென்று வாங்கிய பக்கம் பெரும்பாலும் அப்படி நகராது. அதன் முகவரி கெர்னலின் எத்தனையோ தரவு அமைப்புகளுக்குள் நேரடி எண்ணாக எழுதப்பட்டிருக்கும். எங்கெங்கே எழுதியிருக்கிறது என்ற பட்டியல் யாரிடமும் இல்லை. ஆகவே அது வைத்த இடத்திலேயே இருந்தாக வேண்டும்.

இந்த நகராத பக்கங்கள் எவ்வளவு குறைவாக இருந்தாலும் எவ்வளவு கெடுக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். 8 ஜிபியில் 2 எம்பி தொகுதிகள் 4096. தொகுதிக்கு ஒன்று வீதம் ஒரே ஒரு நகராத பக்கம் உட்கார்ந்தால் போதும், ஒரு பெரிய பக்கம்கூடக் கிடைக்காது. 4096 பக்கம் என்பது 16 எம்பி. மொத்த ரேமில் 0.2 சதவீதம்.

அது வேண்டுமென்றே சிதறடித்த கணக்கு, நிஜத்தில் அப்படி நடக்காது என்று தோன்றலாம். சரி, 1 சதவீதப் பக்கங்கள் நகராதவை, அவை கண்டபடி விழுந்திருக்கின்றன என்று வைப்போம். ஒரு தொகுதியின் 512 பக்கங்களிலும் நகராதது ஒன்றுகூட இல்லாதிருக்க வாய்ப்பு 0.99இன் 512ஆவது அடுக்கு, அதாவது சுமார் 0.0058. 4096 தொகுதிகளில் ஏறத்தாழ 24 தான் சுத்தமாகத் தேறும். அதே 1 சதவீதத்தை ஒரு மூலையில் அடுக்கி வைத்திருந்தால் 41 தொகுதிகளுக்குள் அடங்கிவிடும், மீதி 4055 தொகுதிகளும் தப்பிக்கும். 24க்கும் 4055க்கும் உள்ள இந்த இடைவெளிக்குள்தான் கெர்னல் செய்யும் எல்லாச் சிதறல் தடுப்பு வேலையும் நடக்கிறது.

ரீஸ்டார்ட் ஏன் பலிக்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. நகராத பக்கங்களை ஒட்டுமொத்தமாகக் காலி செய்ய அது ஒன்றுதான் வழி. கம்ப்யூட்டர் திரும்ப ஓடத் தொடங்கியதும் அவையும் திரும்பச் சேரத் தொடங்கும்.

## முதல் வேலை: வைக்கும்போதே பிரித்து வைப்பது

கெர்னல் நிரலாளர் மெல் கோர்மன் எழுதிய ஏற்பாடு ஒன்று 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் சேர்ந்தது. ஒவ்வொரு கோரிக்கையும் மூன்றில் ஒரு ரகம் என்று குறிக்கப்படுகிறது: நகராதது, மீட்கக்கூடியது, நகரக்கூடியது. கெர்னலின் சொந்தத் தரவு அமைப்புகள் முதல் ரகம். தேவைப்பட்டால் தூக்கிப் போட்டுவிடக்கூடிய கோப்புப் பெயர்த் தற்காலிகப் பதிவுகள் இரண்டாவது. பயனர் நிரல் பக்கங்கள் மூன்றாவது. ரேம் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, எக்ஸ்86இல் வழக்கமாக 2 எம்பி அளவில், ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு ரகம் எழுதி வைக்கப்படுகிறது. கோரிக்கை முடிந்தவரை தன் ரகத் தொகுதியிலிருந்தே நிறைவேறும்.

‘முடிந்தவரை’ என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நகராத ரகத்துக்கு ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டால் கோரிக்கையை மறுக்க முடியாது, வேறு ரகத் தொகுதியிலிருந்து எடுக்கத்தான் வேண்டும். அப்போது கெர்னல் செய்யும் ஒரு காரியம் முதல் பார்வைக்குத் தலைகீழாகத் தெரியும். தேவை சின்னதாக இருந்தாலும் அடுத்த ரகத்தில் இருக்கிற மிகப் பெரிய காலித் துண்டைத் தேடி எடுக்கும், பெரும்பகுதி கையில் வந்துவிட்டால் அந்தத் தொகுதியின் பெயரையே நகராதது என்று மாற்றி எழுதிவிடும். பெரிய துண்டை ஏன் உடைக்க வேண்டும்? சின்னத் துண்டாக எடுத்தால் அடுத்த தேவைக்கு இன்னொரு தொகுதியில் கை வைக்க வேண்டிவரும், அதற்கடுத்தது மூன்றாவது தொகுதியில். நூறு தொகுதியில் ஒவ்வொரு கறை படிவதைவிட ஒரு தொகுதியை முழுதாக விட்டுக்கொடுப்பது மேல்.

எல்லாத் தடுப்புகளிலும் பலன் அதிகம் தருவது இதுதான் என்பது என் கணிப்பு. பின்னால் வந்தவை எல்லாம் இதன் மேல் கட்டியவை.

## இரண்டாவது வேலை: நகர்த்திச் சேர்ப்பது

தடுத்தும் சிதறினால் ஒழுங்குபடுத்த வேண்டும். இதற்குக் கம்பாக்‌ஷன் என்று பெயர். இதையும் மெல் கோர்மன்தான் எழுதினார். 2010இல் வந்த 2.6.35இல் சேர்ந்தது.

நடப்பது இது. ரேமின் ஒரு மண்டலத்தில் கீழ்க் கோடியிலிருந்து ஒரு தேடல் மேலே ஏறும், நகர்த்தக்கூடிய பக்கங்களைப் பொறுக்கிக்கொண்டே வரும். மேல் கோடியிலிருந்து இன்னொரு தேடல் கீழே இறங்கும், காலிப் பக்கங்களைப் பொறுக்கும். கீழே எடுத்தவை மேலே உள்ள காலி இடங்களுக்கு மாறும். இரண்டு தேடலும் சந்திக்கும் இடத்தில் சுற்று முடிகிறது. நகரும் பக்கங்கள் மேல்பக்கம் குவிய, கீழ்ப்பக்கம் நீளமான வெற்றிடம் கிடைக்கும்.

இதில் மூன்று சிக்கல்கள்.

1. நகராத பக்கம் ஒன்று நடுவே இருந்தால் அந்தத் தொகுதியில் மற்ற 511 பக்கங்களையும் நகர்த்தி ஒரு பெரிய பக்கம் வாங்க முடியாது. ஆகவே முதல் வேலை சரியாக நடந்திருந்தால்தான் இரண்டாவது பலன் தரும்.

2. இது இலவசம் இல்லை. பக்கங்களை நகலெடுப்பதும் எல்லா பிராசஸர் கோர்களின் டிஎல்பியையும் துடைப்பதும் நேரம் பிடிக்கும். இடம் கேட்ட நிரலே காத்திருந்து இந்த வேலையைச் செய்ய நேர்ந்தால் அது சில கணம் உறைந்ததுபோல் நிற்கும். இதற்காகவே 2016இல் வந்த 4.6 கெர்னலில் ‘கேகம்பாக்ட்டி’ என்ற பின்னணி வேலையாள் வந்தது. 2020இல் 5.9இல், யாரும் கேட்பதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கும் வசதியும் வந்தது. அதன் தீவிரத்தை 0 முதல் 100 வரை வைக்கலாம், இயல்பாக 20.

3. நகரக்கூடியதாகப் பிறந்த பக்கமும் நகராததாக மாறலாம். ஒரு கருவி நேரடியாக எழுதிக்கொண்டிருக்கும் பயனர் பக்கத்தை நடுவில் இடம் மாற்றினால் தரவு தவறான இடத்தில் போய் விழும். அதனால் வேலை முடியும்வரை அது நகராதபடி ‘பின்’ குத்தி வைக்கப்படும். சில கருவிகள் மணிக்கணக்கில் அப்படி வைத்திருக்கும்.

இதற்கு முன் ‘லம்பி ரீக்ளெய்ம்’ என்று ஒரு முறை இருந்தது. தொடர்ச்சி வேண்டுமென்றால் ஒரு பக்கத்தோடு சேர்த்து அதன் அக்கம்பக்கத்தையும் வெளியேற்றும். அந்த அக்கம்பக்கம் அப்போதுதான் சுறுசுறுப்பாகப் பயன்பட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காது. கம்பாக்‌ஷன் நிலைபெற்றதும் 2012இல் 3.5 கெர்னலில் அதை எடுத்துவிட்டார்கள். யாரும் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

## மூன்றாவது: கேட்காமலே இருப்பது, முன்கூட்டியே ஒதுக்குவது

பெரிய துண்டே கேட்காத கெர்னலுக்குச் சிதறல் ஒரு பிரச்சினை இல்லை. ‘விமல்லாக்’ என்ற வழியில் கெர்னலும் தனக்கொரு பக்க அட்டவணை போட்டு, சிதறிய பக்கங்களைத் தொடர்ச்சியாகப் பார்க்க முடியும். கொஞ்சம் மெதுவானது, ஆனால் கிடைப்பது நிச்சயம். எக்ஸ்86இல் ஒவ்வொரு பணிக்கும் கெர்னல் ஒதுக்கும் ஸ்டாக் என்ற 16 கேபி தற்காலிக வேலையிடம் முன்பு நான்கு பக்கத் தொடர்ச்சியாக வேண்டியிருந்தது. 2016இல் 4.9 கெர்னலிலிருந்து அதை இந்த வழியில் வாங்கலாம். கருவிகள் பக்கமும் இதே மாற்றம். துண்டுகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதத் தெரிந்த கருவிக்கும், ஐஓஎம்எம்யு என்ற தனி முகவரி மாற்றி உள்ள கம்ப்யூட்டருக்கும் தொடர்ச்சித் தேவை வெகுவாகக் குறைந்துவிடும்.

தவிர்க்கவே முடியாதென்றால் கம்ப்யூட்டர் கிளம்பும்போதே ஒதுக்கி வைப்பது இன்னொரு வழி. அந்த நேரத்தில் ரேம் சுத்தமாக இருக்கும். பெரிய பக்கங்களை இத்தனை என்று கெர்னல் துவக்க வரியிலேயே கேட்டு வாங்கிவிடலாம். போன்களில் கேமராவுக்குப் பல எம்பி தொடர்ச்சி வேண்டும், அதற்காக எப்போதும் பூட்டி வைத்தால் மற்ற நேரத்தில் வீண். 2012இல் 3.5 கெர்னலில் வந்த சிஎம்ஏ என்ற ஏற்பாடு இதற்கானது. ஒதுக்கிய பகுதியில் நகரக்கூடிய பக்கங்களை மட்டும் தங்க விடும். கேமரா திறந்ததும் அவற்றை நகர்த்திவிட்டு இடத்தைக் கொடுக்கும்.

## சின்னப் பொருள்களும் பெரிய பக்கங்களும்

கெர்னலுக்குப் பெரும்பாலும் வேண்டியது முழுப் பக்கம்கூட இல்லை, இருநூறு முந்நூறு பைட் பொருள்கள்தான். ஒரே அளவுப் பொருள்களை ஒரு பக்கத்தில் அடுக்கும் ஸ்லாப் முறையை ஜெஃப் பான்விக் 1994இல் சன் நிறுவனத்தின் இயங்குதளத்துக்காக விவரித்தார். லினக்ஸில் இப்போது உள்ளது அதன் வழி வந்த ஸ்லப். கோப்புப் பெயர்ப் பதிவு ஒன்று வழக்கமாக 192 பைட், ஒரு பக்கத்தில் 21 அடங்கும். இரவில் பேக்கப் ஓடி லட்சக்கணக்கான கோப்புகளைத் தொட்டால் அத்தனை பதிவுகள் குவியும். பின்னால் 20 பதிவுகள் காலியாகி ஒன்று மட்டும் பயன்பாட்டில் நின்றாலும் அந்தப் பக்கம் விடுபடாது. உட்சிதறல் வெளிச்சிதறலாக மாறும் இடம் இது.

2011இல் 2.6.38 கெர்னலில், நிரல் கேட்காமலே கெர்னல் தானாகப் பெரிய பக்கம் கொடுக்கும் வசதி வந்தது. ஆண்ட்ரியா ஆர்காஞ்சலி எழுதியது. வேகம் கூடியது உண்மை. ஆனால் சிதறிய ரேமில் ஒவ்வொரு பெரிய பக்கத்துக்கும் நிரல் நின்று கம்பாக்‌ஷன் செய்ய நேர்ந்தது. சில தரவுத்தளங்களின் ஆவணங்கள் அந்த வசதியை அணைத்துவிடச் சொல்வதற்கு இந்த மாதிரித் தாமதங்கள் ஒரு காரணம். 4.6 முதல், தனக்கு வேண்டும் என்று சொன்ன நிரலுக்கு மட்டுமே நின்று கம்பாக்‌ஷன் செய்வது இயல்பானது. பழைய அறிவுரையை அப்படியே காப்பி அடிக்காமல், உங்கள் கெர்னல் பதிப்பையும் நிரலின் இப்போதைய ஆவணத்தையும் பார்ப்பது நல்லது.

ஆண்ட்ராய்டில் அண்மையில் பேசப்படும் ‘16 கேபி பக்கம்’ இதே கயிற்றின் இன்னொரு முனை. ஆண்ட்ராய்டு 15 முதல் இதற்கு ஆதரவு உண்டு. அந்தப் பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ இலக்காக வைக்கும் செயலிகள் 2025 நவம்பர் 1 முதல் இதற்கு ஒத்துவர வேண்டும் என்று கூகுள் பிளே விதித்தது. அடிப்படைப் பக்கம் பெரிதானால் டிஎல்பி அதிக இடத்தை மூடும், அதே 64 கேபிக்கு 16க்குப் பதில் நான்கே பக்கம் போதும். பதிலுக்கு, ஒரு கேபி கோப்பும் 16 கேபி இடத்தை அடைத்துக்கொள்ளும். வெளிச்சிதறல் குறைந்து உட்சிதறல் கூடுகிறது.

## எதைப் பார்ப்பது, எதைச் செய்வது

விடுதிக் கம்ப்யூட்டருக்குத் திரும்பினால், ரீஸ்டார்ட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை இவை:

1. பதிவேட்டு வரியில் ஆர்டர் எண். 0 என்றால் உண்மையிலேயே ரேம் பற்றாக்குறை, சிதறலைக் குறை சொல்லிப் பயனில்லை. 3 வரை கெர்னல் விடாப்பிடியாக முயலும். அதற்கு மேல் உள்ளதைச் செலவு அதிகமான கோரிக்கை என்று கருதி எளிதில் கைவிடும். 4 அந்தக் கோட்டைத் தாண்டிய முதல் எண்.

2. ‘பட்டிஇன்ஃபோ’ வரி. இடது பக்கம் பெரிய எண்கள், வலது பக்கம் பூஜ்யங்கள் என்றால் சிதறல்.

3. ‘பேஜ்டைப்இன்ஃபோ’ கோப்பு. நகராத ரகத் தொகுதிகள் வாரா வாரம் கூடுகின்றனவா என்பதை ரூட் அனுமதியோடு இதில் பார்க்கலாம். கூடிக்கொண்டே போனால் ஏதோ ஒரு டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) வாங்கியதைத் திருப்பித் தரவில்லை என்று சந்தேகிக்கலாம்.

4. ‘விஎம்ஸ்டாட்’ கோப்பில் கம்பாக்‌ஷன் தோல்வி எண்ணிக்கை. துவக்கத்திலிருந்து கூடிவந்த எண் அது. இரண்டு நேரம் பார்த்து வித்தியாசத்தை எடுக்க வேண்டும்.

சிதறல்தான் என்று உறுதியானால் ‘காம்பாக்ட் மெமரி’ என்ற அமைப்பில் 1 என்று எழுதினால் கெர்னல் அப்போதே ஒரு முழுச் சுற்று கம்பாக்‌ஷன் செய்யும். போதவில்லையென்றால் முதலில் ‘டிராப் கேஷஸ்’ அமைப்பில் 2 என்று எழுதிக் கோப்புப் பெயர்ப் பதிவுகளைக் கழித்துவிட்டு மறுபடி செய்யலாம். அவசரத்துக்கு ஒரு தடவை செய்வது சரி. இதைத் தினமும் ஓடும்படி கிரானில் போட்டு வைக்கும் பழக்கம் வீண் வேலை. கெர்னல் பாடுபட்டுச் சேர்த்த தற்காலிகப் பதிவுகளை நாமே கொட்டிவிட்டு, மறுநாள் டிஸ்க்கிலிருந்து திரும்பப் படிக்க வைக்கிறோம். போனில் ‘ரேம் கிளீனர்’ போடுகிற கதைதான்.

நிரந்தரமாக எனில், குறைந்தபட்சக் காலி அளவைக் கொஞ்சம் உயர்த்தலாம். கம்பாக்‌ஷன் நகர்த்தி வைக்கவும் காலி இடம் வேண்டுமே. 2025இல் வந்த 6.15 கெர்னலில் ‘டிஃப்ராக் மோடு’ என்ற அமைப்பு சேர்ந்திருக்கிறது. ஒரு ரகம் இன்னொரு ரகத் தொகுதியில் கை வைப்பதற்கு முன் இருக்கிற இடத்தை மீட்டுச் சேர்க்க இன்னும் கடுமையாக முயலும். கம்ப்யூட்டர் கிளம்பிய உடனே இதைப் போட்டுவிட வேண்டும் என்கிறது கெர்னல் ஆவணம், ஏனென்றால் ஒரு தடவை சிதறினால் அது நிரந்தரமாகவே நின்றுவிடலாம். மாதக்கணக்கில் ஓடிய பிறகு போட்டால் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட நகராத பக்கங்களை அது ஒன்றும் செய்யாது.

இத்தனையும் செய்தும் அதே வரி திரும்ப வந்தால் பார்க்க வேண்டியது டிரைவரை. கருவியை மாட்டும் ஒவ்வொரு தடவையும் 64 கேபி தொடர்ச்சி கேட்பதா, துவக்கத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வதா, துண்டுகளாக வாங்குவதா என்பதை எழுதியவர்தான் தீர்மானித்திருப்பார். கெர்னலைப் புதுப்பித்தால் திருத்திய டிரைவர் வர வாய்ப்பு உண்டு. வராவிட்டால், துண்டுப் பட்டியலை ஏற்கும் வேறொரு கேப்சர் கருவியை வாங்கிப் போடுவது செலவு குறைந்த வழி.